பைக் வாங்கித் தருகிறேன் என்றும் பையன் படிக்கவில்லையே!

வணக்கம் சார்,

போன சனிக்கிழமை நீங்கள் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து உங்கள் பையனைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிளஸ் ஒன், பயோ-மேத்ஸ் குரூப், மாலையில் நீட் கோச்சிங். “நீட்டில் 600 எடு, பைக் வாங்கித் தருகிறேன்” என்று ஜூனில் சொன்னீர்கள். இரண்டு வாரம் விழுந்து விழுந்து படித்தான். அப்புறம் பழையபடி போன், நண்பர்கள். “பைக்குக்கே அசையாதவனுக்கு லட்சியம் எங்கே இருக்கப்போகிறது?” என்று கேட்டீர்கள். அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை முழுதாக எழுதுகிறேன்.

லட்சியம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. பரிசை அவன் மூளை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு, உங்கள் மூளை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு.

அட்ரியானா கால்வான், பி.ஜே. கேசி என்ற மூளை ஆய்வாளர்களின் குழுவினர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 7 வயதுச் சிறுவர் முதல் 29 வயதுப் பெரியவர் வரை ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி ஒரு விளையாட்டு ஆட வேண்டும். திரையில் ஒரு கடற்கொள்ளையன் வருவான். அவன் வந்த பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் காசு. ஒருவன் கொஞ்சம் கொடுப்பான், ஒருவன் நடுத்தரமாக, இன்னொருவன் நிறைய. பரிசு கிடைத்தால் துடிக்கிற சிறு பகுதி ஒன்று மூளையின் ஆழத்தில் இருக்கிறது. நிறையக் காசு வந்தபோது, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் அது சிறுவர்களையும் பெரியவர்களையும் விட அதிகமாகத் துடித்தது. கொஞ்சம் காசு வந்தபோது அதே பிள்ளைகளிடம் ஏமாந்துபோனதுபோல் அடங்கிவிட்டது. ‘பொறு, யோசி’ என்று சொல்லும், மூளையின் நெற்றிப் பகுதியோ இருபதுகளின் நடுவில்தான் முழுதாக வளர்ந்து முடிகிறது.

பைக் பெரிய பரிசுதானே என்பீர்கள். பெரிதுதான். ஆனால் அந்தக் காசு பொத்தானை அழுத்தியதும் வந்தது, பைக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் தள்ளி நிற்கிறது. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து, பரிசுச் செய்தியைக் கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தால் அவை துள்ளின. ஓர் அடையாளம் தெரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் துள்ளல் அந்த அடையாளத்துக்கு மாறிவிட்டது, சாற்றுக்கு இல்லை. உங்கள் பையனுக்கும், நீங்கள் பைக் என்று வாயைத் திறந்த அன்றே பாதி சந்தோஷம் கிடைத்துவிட்டது என்பது என் ஊகம்.

பரிசைப் பெரிதாக்கினால் போதுமா? கேத்தரின் இன்செலும் லியா சோமர்வில்லும் 13 முதல் 20 வயதுக்காரர்களிடம் இதைச் சோதித்து 2017இல் எழுதினார்கள். காசு வைத்து ஆடும் விளையாட்டில் பந்தயத் தொகை பெரிதானபோது, இருபதை நெருங்கியவர்கள் இன்னும் கவனமாக ஆடினார்கள். அவர்களில் வயது குறைந்தவர்கள் சிறிய பந்தயத்துக்கும் பெரிய பந்தயத்துக்கும் ஒரே மாதிரிதான் ஆடினார்கள். பரிசை உணரும் பகுதிக்கும் நெற்றிப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு வயதோடுதான் வலுப்படுகிறது. பெரிய பரிசாகச் சொல்லுங்கள் என்று பல வருடம் நானே பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

நீங்கள் மாதாமாதம் சீட்டு கட்டி வீட்டுக் கடனை அடைத்தவர். இளம்வயது தாண்டியதிலிருந்தே மூளையில் டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பத்தாண்டுக்குப் பத்தாண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. கூடவே, காத்திருந்து பெறும் பலனை மதிக்கும் பக்குவமும் பொதுவாகக் கூடுகிறது. நாற்பத்தெட்டு வயதில் இரண்டு வருடம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அந்தக் கணக்கை அவனிடம் எதிர்பார்ப்பதுதான் உங்கள் இருவருக்கும் நடக்கிற சண்டை.

அவனுடைய இதே மூளையில் ஒரு பெரிய வரமும் இருக்கிறது. உடனுக்குடன் சரி, தப்பு தெரிந்தால் இந்த வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாகக் கற்கிறார்கள் என்று 2016இல் ஜூலியட் டேவிடோ குழுவினர் காட்டினார்கள். டெஸ்ட் எழுதி ஒரு வாரம் கழித்து மார்க் வந்தால் அவனுக்கு அது செத்த செய்தி. தினம் இரவு இருபது கேள்வி போடட்டும். அவனே உடனே விடை பார்த்து, நீட் மாதிரியே சரிக்கு 4, தப்புக்கு 1 கழித்து, அன்றைய மார்க்கைச் சுவரில் எழுதட்டும். குறைந்த அன்று திட்டாதீர்கள். கூடிய அன்று, எந்தக் கேள்வியை எப்படிப் போட்டான் என்று கேளுங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு வெறும் “குட்” என்பதைவிட அந்தக் கேள்விதான் ருசிக்கிறது.

பைக் பேச்சை விட்டுவிடுங்கள். ஜேசன் செய்ன், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் குழுவினர் 2011இல் வெளியிட்ட வண்டியோட்டும் விளையாட்டு ஆய்வில், நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பதின்பருவத்தினர் அதிக ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி விபத்து நடந்தால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கே ஜெயில்கூட உண்டு. அதே நண்பர்களில் இரண்டு பேரை வீட்டுக்கு வரச் சொல்லி அந்த இருபது கேள்விகளைச் சேர்ந்து போடச் சொல்லுங்கள். நண்பர்கள் பார்ப்பது படிப்புக்கும் உதவட்டும்.

அப்புறம், நீட்டுக்காகக் கணக்கைக் கைவிட வேண்டாம். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக் கட்-ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. வேளாண்மை, கால்நடை மருத்துவம் இரண்டிலும் தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்கள் பிளஸ் டூ மார்க்கில்தான் நிரம்புகின்றன. ஆசை மாறக்கூடிய வயது இது. பதினாறில் ஒரே கதவை மட்டும் திறந்து வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

அடுத்த முறை பையனையும் அழைத்து வாருங்கள். போன மாதம் எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை என்று அவனிடம் கேட்கப்போகிறேன். நீங்களும் பக்கத்தில் இருங்கள். பதிலை மட்டும் அவனே சொல்லட்டும்.