மக்கள் ஏன் ஒரு குறிப்பிட்ட கட்சிக்கு வாக்களிக்கிறார்கள்? இதற்கு என்னென்ன கோட்பாடுகள் உண்டு?

முக்கியமாக மூன்று. மூன்றுமே அமெரிக்காவில் உருவானவை.

முதலாவது கொலம்பியா பள்ளி, அதாவது கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் சிந்தனை மரபு. 1940-இல் சமூகவியலாளர் லாசர்ஸ்ஃபெல்டின் குழு ஒஹாயோவின் ஈரி மாவட்டத்தில் சுமார் 600 பேரை மே முதல் நவம்பர் வரை ஏழு முறை பேட்டி எடுத்தது. பிரச்சாரம் மனத்தை மாற்றும் என்று எதிர்பார்த்துப் போனார்கள். கட்சி மாறியவர்கள் மிகச் சிலரே. வருமானம், மதம், கிராமமா நகரமா என்ற மூன்றைத் தெரிந்துகொண்டாலே வாக்கை ஓரளவு ஊகிக்க முடிந்தது. வசதியான கிராமத்து புராட்டஸ்டன்ட் என்றால் பெரும்பாலும் குடியரசுக் கட்சி.

இதில் ஓர் ஓட்டை உண்டு. 1948 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ட்ரூமன் வென்றார், 1952-இல் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர். நான்கே ஆண்டில் யாருடைய மதமும் வர்க்கமும் மாறிவிடவில்லையே!

இரண்டாவதான மிச்சிகன் பல்கலைக்கழகப் பள்ளி (1960) அந்த ஓட்டையை அடைத்தது. “பொதுவாக உங்களை எந்தக் கட்சிக்காரராக நினைக்கிறீர்கள்?” என்று கேட்டு, பதிலை ஏழு படி அளவுகோலில் வைத்தார்கள். கட்சிப் பற்று வீட்டிலேயே ஒட்டிக்கொள்வது, எளிதில் போகாது. வேட்பாளரும் அன்றைய பிரச்சினையும் அதைத் தற்காலிகமாக மீற வைக்கும். அதனால்தான் ஜனநாயகக் கட்சிக்காரர் பலர், கட்சியை விடாமலே ஐசன்ஹோவருக்குக் குத்தினார்கள்.

மூன்றாவது பொருளியலாளர் டவுன்ஸின் (1957) லாபநஷ்டக் கணக்கு: எந்தக் கட்சி வந்தால் எனக்கு அதிகப் பயன்? கட்சிகள் இடைநிலை வாக்காளரை (கருத்து வரிசையின் நடுவில் இருப்பவரை) நோக்கி நகர்வதை இது அழகாக விளக்கும். ஆனால் ஒரே ஒரு வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம். கணக்குப்படி யாருமே வரிசையில் நிற்கக் கூடாது. 1968-இல் ரைக்கர், ஆர்டெஷூக் என்ற இரு அரசியல் அறிஞர்கள் வாக்களிப்பதன் பயன்களில் ‘கடமை உணர்வு’ என்பதையும் கணக்கில் சேர்த்துச் சமாளித்தார்கள். என் பார்வையில் அது ஒட்டுப்போட்ட வேலைதான்.