போனைப் பிடுங்கினால் பிள்ளை சாப்பிட மாட்டேங்கிறாள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போனைப் பற்றியவைதான். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரைச் சிலவற்றில் மட்டும் விட்டிருக்கிறேன். யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: அந்த நேரத்தில் போன் கையில் இல்லாவிட்டால் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? தூங்கியிருப்பீர்களா, யாருடனாவது பேசியிருப்பீர்களா, தனியாக அழுதிருப்பீர்களா? பதில் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ராத்திரி ஒரு மணி வரை போர்வைக்குள் ரீல்ஸ். போனை வாங்கி பீரோவில் பூட்டினோம். இரண்டு நாளாகச் சாப்பாடும் இல்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அவள் அப்பா விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார், நான் ஒருத்தி என்ன செய்வேன்? அடிமையாகிவிட்டாளா? (குலசேகரம்)

அடிமை என்ற வார்த்தையை இப்போதைக்கு எடுத்து வையுங்கள் அம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனம் இருக்கிறது. சமூக ஊடகத்துக்கென்று தனி நோய் எதுவும் அதில் இல்லை. ஆனால் உங்கள் மகளின் கை நிற்காமல் போவது உண்மை. என் அறையில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் கட்டைவிரல், போனை அம்மாவிடம் கொடுத்த பிறகும் மடியில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கே அது தெரியவில்லை.

இதற்குக் காரணம் பிள்ளையின் திமிர் இல்லை. பத்து ரீல்ஸில் ஒன்று நன்றாக இருக்கும், அந்த ஒன்று எப்போது வரும் என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் மனதைப் பிடித்து வைக்கிறது. புத்தகத்தில் அத்தியாயம் முடியும், டிவியில் தொடர் முடியும், கையும் நிற்கும். இங்கே முடிவு என்ற ஒன்றே கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார். பெரியவர்களே தோற்கும் இடத்தில் பதினேழு வயசுப் பிள்ளையை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது.

என்னைக் கவலைப்படுத்துவது தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் ஐந்துதான். எரிச்சல், அழுகை, படிப்பில் கவனமின்மை என்று வீட்டில் போன் மேல் போடும் பழியில் பாதி தூக்கக் குறைவின் வேலை. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை 2019இல் அலசினார்கள். அவர்களின் மன நலத்தில் காணும் வேறுபாட்டில், டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்துவதோடு தொடர்புடைய பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். ஆகவே நிமிடத்தை எண்ணிச் சண்டை போடாதீர்கள், ராத்திரியை மீட்டுக்கொடுங்கள்.

பீரோவைத் திறந்து போனைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது ஒரே ஒரு ஒப்பந்தம்: ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில். எல்லார் என்றால் உங்களுடையதும், அவள் அப்பாவுடையதும். காலையில் எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் வாங்குங்கள், "அலாரத்துக்காகத்தான் வைத்திருக்கிறேன்" என்ற பேச்சு அதோடு முடியும். பகல் உபயோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அதில் ஒரு பகுதியினர் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அவர்களை யாரும் முழுசாக நிறுத்தச் சொல்லவில்லை.

இன்னொன்று. இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பது வெறும் ரீல்ஸ் பிடிவாதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பரீட்சைப் பயம், நட்பில் முறிவு, யாராவது மிரட்டுவது என்று எதுவும் இருக்கலாம். திட்டாமல், அடுக்களையில் கூட நிறுத்தித் தேங்காய் துருவச் சொல்லிக்கொண்டே கேளுங்கள். நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. "செத்துப் போகலாம் போலிருக்கு" என்று விளையாட்டாகச் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே, எந்த நேரத்திலும், காசில்லாமல் பேசலாம்.

கணவர் வளைகுடாவில். கைக்குழந்தையோடு நான் இங்கே. கூடப் படித்தவர்கள் ஸ்டேட்டஸில் புது வீடு, நகை, சுற்றுலா. பார்த்தால் அன்று முழுவதும் மனசு கனக்கிறது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. (கருங்கல்)

சகோதரி, நீங்கள் கடைசியாகப் போட்ட ஸ்டேட்டஸ் என்ன? இதே கேள்வியோடு வந்த ஒருவரிடம் அவர் போனைத் திறந்து காட்டச் சொன்னேன். திற்பரப்பு அருவியில் குழந்தையோடு சிரித்துக்கொண்டிருந்தார். "அன்றைக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க அழுதேன் டாக்டர்" என்றார். அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை பேர் இவரை நினைத்து ஏங்கினார்களோ!

மனிதன் தன் நிலையைப் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுத்தான் அளந்துகொள்கிறான் என்று 1954இலேயே லியோன் பெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் எழுதினார். அன்று பக்கத்தில் இருந்தது நாலு வீடு. அந்த வீட்டுச் சண்டையும் கடனும் நம் காதில் விழும். இன்று நானூறு வீட்டின் நல்ல நாள் மட்டும் கண்ணில் விழுகிறது.

யாருடைய ஸ்டேட்டஸ் குத்துகிறதோ அதை மியூட் செய்யுங்கள், அவருக்குத் தெரியாது. அதைவிட முக்கியமாக, வாரம் ஒருமுறை அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுக் குரலில் பேசுங்கள். மற்றவர் வாழ்க்கையைச் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பது ஒன்று, தெரிந்தவரோடு பேசுவது வேறு. பிரசவத்துக்குப் பிறகு தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, தூக்கமின்மை, குழந்தை மேல் ஒட்டாமை இருந்தால் அதற்கு ஸ்டேட்டஸைக் காரணம் சொல்லாதீர்கள். அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சையில் சரியாகும்.

அண்ணன்மார் தங்கலுக்கு (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க) போயிருக்கும்போது புயல் எச்சரிக்கை வந்தால் ஊர் குரூப்பை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒக்கி புயலுக்குப் பிறகு இப்படி. (தூத்தூர் பக்கம்)

ஒக்கி அடித்த 2017 நவம்பர் 30ஐ அந்தக் கரையில் வாழ்கிற எவராலும் மறக்க முடியாது. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த குரூப்பில் பழைய வீடியோ புதிசாக வருகிறது, எங்கோ மூழ்கிய யாரோ ஒருவரின் படகு உங்கள் அண்ணன் படகாகத் தெரிகிறது. 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளில் மூழ்கியிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன அழுத்த அறிகுறிகள் தெரிந்தன. தூரத்தில் இருந்தே நெஞ்சு அப்படிப் பதறும்.

குரூப்பை மியூட் செய்து வையுங்கள். வானிலை மையத்தின் அறிக்கையைக் காலை, மாலை இரண்டு முறை பாருங்கள். கோவில் மைக்கில் சொன்னால் காதில் விழும். வயர்லெஸில் படகோடு பேசக்கூடிய ஒருவரிடம், "செய்தி வந்தால் எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவையுங்கள். தனியாகப் படுக்காதீர்கள், மதினியோடு படுங்கள்.

லைக் குறைந்தால் பதிவை அழித்துவிடுகிறேன். (தக்கலை, 22 வயது)

தம்பி, ஒரு மாதம் இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைத்து வையுங்கள், செட்டிங்ஸில் வசதி இருக்கிறது. அப்போதும் பதிவிடத் தோன்றினால் உங்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

என் படத்தை மார்பிங் செய்து பணம் கேட்கிறான். வீட்டில் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார்கள். (ஊர் வேண்டாம், 19 வயது)

மக்களே, நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. பணம் கொடுக்காதே, கொடுத்தால் மறுபடியும் கேட்பான். மிரட்டலை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குக் கூப்பிடு. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றத்தைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம், உன் படத்தை வெளியே அனுப்பாமலேயே அதற்கு ஓர் அடையாள எண் உருவாக்கி, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் அது ஏறாமல் தடுக்க உதவும். இன்று ராத்திரிக்குள் ஒரு பெரியவரிடம் சொல்லிவிடு. சித்தியோ டீச்சரோ யாராவது போதும். தனியாகச் சுமக்காதே.

ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 71. மனைவி இல்லை. பேஸ்புக்கில் பழைய மாணவர்களோடு தினம் இரண்டு மணி நேரம். மகன் இது மனதைக் கெடுக்கும் என்கிறான். (நாகர்கோவில்)

ஐயா, தாராளமாகத் தொடருங்கள். உங்களுக்கு அது மனிதர்களோடு பேச்சு. வங்கி, ஓடிபி என்று யாராவது கேட்டால் மட்டும் மகனைக் கூப்பிடுங்கள். அந்த மாணவர்களில் வடசேரியிலோ கோட்டாறிலோ இருப்பவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சாயாவுக்கு வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.