நூற்று முப்பது வளைவுகள்

வணக்கம் அண்ணா,

சேலத்தில் நாங்கள் நண்பர்கள் ஏழு பேர், ஐந்து பைக். நவம்பரில் ஒரு சனி, ஞாயிறு முழுக்க மலைப் பாதைகளாகவே ஓட்டலாம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். சனிக்கிழமை காலை ஏற்காடு ஏறி இறங்கி, மதியத்துக்கு மேல் கொல்லிமலை, இரவு நாமக்கல்லில் தங்கல். ஞாயிறு விடியற்காலை கிளம்பிப் பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை போய்விட்டு இரவுக்குள் வீடு. ஏற்காட்டில் 20, கொல்லிமலையில் 70, வால்பாறையில் 40 என்று மொத்தம் 130 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. இது சரியாக வருமா? எங்கெல்லாம் நிற்கலாம்?

ம., சேலம்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படித்ததும் ஒரு தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். உங்கள் திட்டம் எழுநூறு கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. ஏறிய வளைவுகளில் இறங்கவும் வேண்டும், ஆக வளைவுகள் 260. இரண்டு நாளில் இதை ஓட்டி முடிக்க முடியும். ஆனால் எங்கே நிற்கலாம் என்று கேட்டிருக்கிறீர்களே, இந்தத் திட்டத்தில் நிற்பதற்கு நேரமே இல்லை.

இருபத்தாறு வயதில் நானும் இப்படி ஒரு திட்டம் போட்டேன். ஏற்காட்டை முடித்துவிட்டுக் கொல்லிமலை ஏறும்போதே மணி நாலு. மேலே எதையும் பார்க்காமல் திரும்பினோம், வழியிலேயே இருட்டிவிட்டது. மேல் கியரில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலையில் பின் பிரேக்கை மிதித்தால் கால் போகிறது, வண்டி நிற்கவில்லை. டிரம் சூடேறிப் பிடிமானம் போயிருந்தது. மலையோரத்து மண்மேட்டில் வண்டியைச் சாய்த்துத்தான் நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் தம்பி வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அமைதி இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் பின் சீட்டில் வருவார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஏற்காடு உங்கள் வீட்டு மலை, எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகலாம். வால்பாறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது வளைவில் நின்று ஆழியாறு அணையைப் பார்க்கவும், அங்கே பாறையில் வரையாடு தென்படுமா என்று காத்திருக்கவும் ஒரு முழுக் காலை வேண்டும். இந்த முறை கொல்லிமலை மட்டும் போதும். நவம்பரும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதம் அது, சரிவிலிருந்து கல்லும் மண்ணும் சாலைக்கு வரும். பொங்கல் முடிந்து கிளம்புங்கள்.

மலைப் பயணத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாமல் வெளிச்சத்தில் போடுங்கள். தை மாதம் ஆறு மணிக்கு மேல் இருட்டத் தொடங்கும். ஐந்து மணிக்கு நீங்கள் அடிவாரத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் மேலிருந்து மூன்று மணிக்கு வண்டியை எடுக்க வேண்டும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஏறி இறங்குவது மலையின் மேற்குப் பக்கம். காலையில் அந்தச் சரிவு நிழலாக இருக்கும், குளிர்ச்சியாக ஏறலாம். மாலை நாலரைக்கு மேல் இறங்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், எதிரே வருகிற பஸ் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

போகும்போது ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக மலையடிவாரத்தில் இருக்கும் காரவள்ளிக்குப் போங்கள். இந்த அடிவாரச் சாலைகளை அவசரமாகக் கடக்காதீர்கள். எனக்கு எழுபது வளைவுகளுக்குச் சமமாகப் பிடித்தவை இவை. மரவள்ளிக் காடு, பாக்குத் தோப்பு, ஒரு திருப்பம் தாண்டினால் சுவர் மாதிரி எழுந்து நிற்கிற மலை. ஒன்று மட்டும் கவனம். அறுவடைக் காலத்தில் தானியத்தைச் சாலையிலேயே பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் மணலில் பிடித்த மாதிரி வண்டி வழுக்கும். வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போய்விடுங்கள், அது அவர்களுடைய ஒரு வருட உழைப்பு.

பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காரவள்ளியில் ஏழு மணிக்கு ஏறத் தொடங்கலாம். ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது என்று பலகை இருக்கும். அதை எண்ணிக்கொண்டே போகாமல், வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள், கண் போகிற பக்கம்தான் வண்டி போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரையும் குறைத்துவிட்டுத் திரும்புங்கள். திருப்பத்துக்குள் பிரேக் வேண்டாம். லாரி டேங்கிலிருந்து தெறித்த டீசலும் சரளையும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். பஸ் திரும்புவதற்கு முழுச் சாலையும் தேவை. ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்குக் கீழேயே நின்று வழி விடுங்கள். குறுகலான மலைச் சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்று விதி இருக்கிறது, இறங்கும்போது அதை நினைவில் வையுங்கள். பஸ்ஸிடம் மட்டும் அந்த உரிமையைக் கேட்டு நிற்க வேண்டாம்.

ஐந்து வண்டியில் யார் மெதுவாக ஓட்டுவாரோ அவர் முன்னால் போகட்டும். வேகமாகப் போகிறவர் முன்னால் போனால், கடைசி ஆள் தன்னால் முடியாத வேகத்தில் துரத்திக்கொண்டு வருவார். மலையில் விழுகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

மேலே சோளக்காடு என்ற ஊரில் நின்று டீ குடியுங்கள். தை மாதத்தில் காபிப் பழத்தைப் பறித்துக் களங்களில் காயவைத்திருப்பார்கள், மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயில் வரை போகிற சாலையில் வளைவுகள் சின்னவை, வண்டியும் குறைவு. பயணத்தில் நான் அதிக நேரம் செலவழிப்பது அங்கேதான். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே நிற்பேன். ஆகாய கங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். திரும்ப ஏறி வந்ததும் கால் நடுங்கும், அந்தக் காலால்தான் பின் பிரேக்கை மிதிக்க வேண்டும். அருவிக்குப் போவதானால் காலையிலேயே போய்விட்டு, சாப்பிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுங்கள்.

வந்த வழியே இறங்காதீர்கள். முள்ளுக்குறிச்சிப் பக்கம் இறங்கும் சாலையில் வந்தால் நாமகிரிப்பேட்டை மஞ்சள் வயல்களைத் தொட்டுக்கொண்டு ராசிபுரம் சேரலாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மழை பெய்திருந்தால் கிளம்பும் முன் செம்மேட்டில் நிற்கிற பஸ் டிரைவர் ஒருவரிடம் கேளுங்கள். எந்தத் திருப்பத்தில் அன்று காலை கல் விழுந்தது என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் வேண்டாம் என்று அவர் சொன்னால், காரவள்ளி வழியாகவே இறங்கிவிடுங்கள்.

அன்புடன்.