ஆய்வரங்கில் வாசித்தால் அது வெளியீடா? – கேள்வி பதில்

பேராதனை: அக்கா, ஆய்வரங்கில் கட்டுரை வாசித்தேன். அது வெளிவந்ததாகக் கணக்கா?

பதில்: பதிப்புரிமைக்கு இல்லை தம்பி. நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உங்கள் சம்மதத்தோடு பிரதிகள் போதிய அளவில் மக்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். வாசித்தது மட்டும் வெளியீடு ஆகாது என்று பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பேர்ண் உடன்படிக்கையும் சொல்கிறது. ஆய்வுச் சுருக்கங்களைப் புத்தகமாக அடித்து விற்றிருந்தால், அந்தச் சுருக்கம் மட்டும் வெளிவந்துவிட்டது.

தலவாக்கலை: தேயிலைக் கழிவில் நார் பிரிக்க ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறோம். ஆய்வரங்கில் போஸ்டர் மட்டும்தான் வைக்கிறோம், பிரதி கொடுக்க மாட்டோம். பேட்டன்டுக்கு, அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமைக்குப் பிரச்சினை இல்லைதானே?

பதில்: இருக்கிறது தங்கச்சி, நன்றாகவே இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே வெளியே தெரிந்துவிட்ட கண்டுபிடிப்புக்குப் பொதுவாகப் பேட்டன்ட் கிடைக்காது. 1998இல் அமெரிக்காவில் தானிய வேதியியலாளர் கூட்டமொன்றில் சோயா நார் பற்றிய 14 ஸ்லைட்களைப் பலகையில் ஒட்டி இரண்டரை நாள் வைத்தார்கள், அப்புறம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு நாளுக்கும் குறைவாக. ஒரு பிரதிகூட யாருக்கும் கொடுக்கவில்லை. 2000இல் பேட்டன்ட் கேட்டபோது மறுக்கப்பட்டது, 2004இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அது ‘அச்சிட்ட வெளியீடு’தான் என்றது. துறை தெரிந்தவர்கள் நாள்கணக்கில் பார்த்தார்கள், குறிப்பெடுக்கத் தடை எதுவும் இல்லை, அதுதான் காரணம். நம் சட்டத்தில் நீங்களே வெளியிட்டதற்கு ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் அப்படிக் கிடையாது. முதலில் விண்ணப்பம், அப்புறம் போஸ்டர்.

அட்டன்: மார்ட்டின் லூதர் கிங் இரண்டு லட்சம் பேர் முன்னால் பேசியதே வெளியீடு இல்லை என்று அதே அமெரிக்காவில் தீர்ப்பு இருக்கிறதே. போஸ்டர் மட்டும் எப்படி?

பதில்: அது 1999இல் வந்த பதிப்புரிமைத் தீர்ப்பு. பதிப்புரிமையில் பிரதி கைமாறியதா என்று பார்ப்பார்கள், பேட்டன்டில் விஷயம் வெளியே போய்விட்டதா என்று பார்ப்பார்கள்.

அட்டன்: ஸ்லைட் இல்லாமல் வெறும் பேச்சு என்றால்?

பதில்: நல்ல கேள்வி. வெறும் பேச்சு ‘அச்சிட்ட வெளியீடு’ ஆகாது என்று அந்த 2004 தீர்ப்பே சொல்கிறது. ஆனால் அதை நம்பி மேடை ஏறாதீர்கள். இலங்கைச் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் வாயால் வெளிப்படுத்தியதையும் கணக்கில் எடுக்கின்றன.

பதுளை: எங்கள் போஸ்டர் ஒரு மணி நேரம்தான் இருக்கும், பரவாயில்லையா?

பதில்: தலவாக்கலைக்குச் சொன்னதை வாசியுங்கள். முதலில் விண்ணப்பம்.

நுவரெலியா: ஆய்வரங்கில் வாசித்தால் பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்குமா?

பதில்: அது சட்டக் கேள்வி இல்லை. உங்கள் நிறுவனத்தின் சுற்றறிக்கையைப் பாருங்கள்.

பண்டாரவளை: என் ஸ்லைட்டைப் படம் பிடித்து ஒருவர் தன் கட்டுரையில் போட்டுவிட்டார். இன்னும் வெளிவராததால் எனக்கு உரிமை இல்லையாமே?

பதில்: யார் சொன்னது? உருவாக்கிய கணத்திலிருந்தே உரிமை உங்களுடையது, வாய்மொழி விரிவுரைக்குக்கூடப் பாதுகாப்பு உண்டு. உங்கள் வாசகமும் வரைபடமும் அப்படியே எடுக்கப்பட்டிருந்தால் ஆய்விதழ் ஆசிரியருக்கு இன்றே எழுதுங்கள், ஆய்வரங்கு நிகழ்ச்சி நிரலையும் ஸ்லைட் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.