கேளுங்கள், சொல்கிறோம்: நேராக நின்றால் ஒன்று, வளைந்து நின்றால் வேறு

கேள்வி: கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் இடையிலுள்ள பிணைப்பு முனைவுள்ளது என்கிறது பாடப்புத்தகம். அடுத்த பக்கத்திலேயே கார்பன் டை ஆக்ஸைடு முனைவற்றது, தண்ணீர் முனைவுள்ளது என்கிறது. இரண்டிலும் நடுவில் ஒரு அணு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அணு. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?
- பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

பதில்: முனைவு என்றால் ஒரு பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமை, மறுபக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமை சேர்ந்திருப்பது. முரட்டுக் காளையைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறவர்கள் இருபுறமும் ஆளுக்கொரு கயிறு பிடித்திருப்பார்கள். நேரெதிரே நின்று ஒரே பலத்தில் இழுத்தால் காளை நின்ற இடத்தில் நிற்கும். இரண்டு பேரும் கொஞ்சம் முன்னால் போய் இழுத்தால் காளையும் முன்னால் வரும். கார்பன் டை ஆக்ஸைடில் இரண்டு ஆக்ஸிஜனும் கார்பனிடமிருந்து எலக்ட்ரானை இழுப்பது உண்மைதான், ஆனால் 180 டிகிரியில், நேரெதிராக இழுக்கின்றன. ஒன்றை ஒன்று அடித்துவிடுவதால் மொத்த இருமுனை திருப்புத்திறன் (முனைவு எவ்வளவு என்பதன் அளவு) பூஜ்யம்.

தண்ணீரில் இழுப்பது நடுவிலுள்ள ஆக்ஸிஜன். அதனிடம் பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இரட்டைகள் இரண்டு இருக்கின்றன. அவையும் இடம் கேட்பதால் ஹைட்ரஜன்கள் இரண்டும் ஒரு பக்கமாக ஒதுங்கி, கோணம் 104.5 டிகிரி ஆகிவிடுகிறது. ஆக்ஸிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின்சுமை, ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின்சுமை. திருப்புத்திறன் 1.85 டீபை. (1936இல் வேதியியல் நோபல் வாங்கிய பீட்டர் டீபையின் பெயர்தான் அலகுக்கும்.) கரும்பலகையில் ஹெச்-ஓ-ஹெச் என்று ஒரே கோட்டில் எழுதிவிட்டுப் போகிற ஆசிரியர்கள்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம், நானும் அப்படி எழுதியவன்தான்.

கேள்வி: டைகுளோரோ மீத்தேனை (நடுவில் கார்பன், சுற்றிலும் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு குளோரின்) சிலுவை மாதிரி வரைந்து இரண்டு குளோரினையும் எதிரெதிரே போட்டால் முனைவற்றது, பக்கத்தில் பக்கத்தில் போட்டால் முனைவுள்ளது என்று வருகிறதே. எது சரி?
- வாசகர், கும்பகோணம்

பதில்: தாள் தட்டை, மூலக்கூறு தட்டை இல்லை. ஒரு சின்ன உருளைக்கிழங்கில் நான்கு பல்குச்சிகளை ஒன்றுக்கொன்று முடிந்த அளவு விலகி இருக்கும்படி குத்திப் பாருங்கள், நான்முகி கிடைக்கும். அதில் எந்த இரண்டு குச்சியை எடுத்தாலும் நடுவில் ஏறக்குறைய 109.5 டிகிரிதான், ‘எதிரெதிர்’ என்பதே கிடையாது. ஆகவே நீங்கள் வரைந்த இரண்டும் ஒரே மூலக்கூறுதான், அது முனைவுள்ளது. நான்கு முனையிலும் குளோரினே இருந்தால், அதாவது கார்பன் டெட்ரா குளோரைடு என்றால், சரிசமமாக அடிபட்டுப் பூஜ்யம்.

எதிரெதிரே வைத்தால் உண்மையிலேயே அடிபட்டுப் போகிற இடம் ஒன்று உண்டு. 1,2-டைகுளோரோ எத்தீனில் ஆளுக்கொரு குளோரின் வைத்திருக்கும் இரண்டு கார்பன்களுக்கு நடுவில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அணுக்கள் ஒரே தளத்தில் மாட்டிக்கொள்கின்றன, சுழல முடியாது. குளோரின்கள் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிர்ப்பக்கம் இருந்தால் டிரான்ஸ். வாய்பாடு ஒன்றே, எடையும் ஒன்றே. ஆனால் முனைவுள்ள சிஸ் சுமார் 60 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது, முனைவற்ற டிரான்ஸ் சுமார் 48 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சிஸ் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் வந்த வித்தியாசம் அது.

கேள்வி: ஒரே தனிமத்தின் அணுக்கள் மட்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முனைவற்றது என்று எழுதலாமா?
- வாசகர், மதுரை

பதில்: இரண்டே அணு என்றால் தாராளமாக எழுதலாம்: நைட்ரஜன், ஆக்ஸிஜன், குளோரின். ஓசோன் வந்தால் கண்ணைத் திறங்கள். மூன்றும் ஆக்ஸிஜன்தான், ஆனால் நடுவில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் ஒரே நிலையில் இல்லை. நடு அணுவில் எலக்ட்ரான் கொஞ்சம் குறைவு, ஓரங்களில் கொஞ்சம் அதிகம். கோணம் சுமார் 117 டிகிரி. திருப்புத்திறன் சுமார் 0.53 டீபை, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்றாலும் பூஜ்யம் இல்லை.