எச்சரித்துவிட்டால் போதுமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஆர்.கே.புரத்தில் போர் நெறி பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். என் தம்பி சி.ஆர்.பி.எப்.பில் இருக்கிறான், இப்போது சத்தீஸ்கரின் பஸ்தரில். 2010 ஏப்ரலில் அங்கே தாட்மெட்லாவில் மாவோயிஸ்டுகள் ஒரே நாளில் பாதுகாப்புப் படையினர் 76 பேரைக் கொன்றார்களே, அவர்கள் எந்தப் போர் நெறியைப் பார்த்தார்கள்? மக்களுக்குள் ஒளிந்துகொண்டு சுடுகிறவர்களோடு மோதும்போது, வெளியேறிவிடுங்கள் என்று ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அரசின் கடமை முடிந்துவிடாதா?

செந்தில், மயூர் விஹார்

அன்புள்ள செந்தில்,

தம்பி நல்லபடியாகத் திரும்பி வரட்டும். ஆயுதம் எடுத்து வருபவர்களை ஆயுதத்தால் தடுக்க அரசுக்கு உரிமை உண்டு, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் சண்டைக்கான காரணம் நியாயமா என்பது ஒரு கேள்வி, சண்டையிடும் முறை நியாயமா என்பது வேறு கேள்வி. போர் நெறி என்பது மாவோயிஸ்டுகளோடு போட்ட ஒப்பந்தமாக இருந்தால் அவர்கள் மீறியதும் நாமும் கைகழுவிவிடலாம். ஆனால் அந்த நெறி நடுவில் மாட்டிக்கொண்ட கிராமத்துக்காரருக்குச் சேர வேண்டியது, அவர் எதையும் மீறவில்லையே.

சரி, எச்சரிக்கைக்கு வருகிறேன். புறநானூற்றின் 9ஆம் பாட்டில் நெட்டிமையார் என்ற புலவர் பாண்டிய அரசன் முதுகுடுமிப் பெருவழுதியைப் புகழ்கிறார்: பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை பெறாதவர்கள் எல்லோரும் 'நும் அரண் சேர்மின்' (உங்களுக்குப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்), அம்பு விடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போரிடும் அரசன் அவன். (அதே புலவர் அதே அரசனை 15ஆம் பாட்டில் பகைவர் ஊரைக் கழுதை பூட்டி உழுததற்காகவும் பாராட்டுகிறார், அதையும் மறைக்க வேண்டாம்.) நான் திரும்பத் திரும்ப நின்றுபோவது 'அரண்' என்ற சொல்லில்தான். போய்ச் சேர ஓர் இடம் இருந்தால்தானே அது எச்சரிக்கை?

2009இல் வன்னியில் விடுதலைப் புலிகளோடு நடந்த கடைசிக் கட்டப் போரில் இலங்கை அரசு ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் மூன்று முறை பாதுகாப்பு வலயம் அறிவித்து, மக்களை அங்கே போகச் சொல்லிவிட்டு, அந்த வலயங்களுக்குள்ளேயே ஷெல் அடித்தது என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. வெளியேற முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அப்படியானால் அந்த மக்கள் எங்கேதான் போவது? நம்மில் பலர் ஒன்றைச் சொல்லும்போது மற்றதை விழுங்கிவிடுகிறோம்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1966 மார்ச்சில் மிசோ கிளர்ச்சியை அடக்க, இன்றைய மிசோரத்தின் தலைநகரான ஐஸ்வால் மீது நம் விமானப்படையே குண்டு போட்டது. அப்புறம் 1967 முதல் மிசோ கிராமங்களைக் காலி செய்து, வீடுகளை எரித்து, மக்களைச் சாலையோர முகாம்களில் கொண்டுபோய் வைத்தார்கள். அரண் என்ற பெயரில் கிடைத்தது வேலி போட்ட முகாம், போக வர அனுமதிச் சீட்டு. கடைசியில் 1986இல் கிளர்ச்சித் தலைவர் லால்டெங்காவோடு உட்கார்ந்து பேசித்தான் ஒப்பந்தம் வந்தது.

பஸ்தரில் 2005க்குப் பிறகு சல்வா ஜுடூம் (மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு நடந்த இயக்கம்) காலத்தில் முகாமுக்கு வந்தவர்கள் நம்மவர்கள், காட்டுக் கிராமத்தில் தங்கியவர்கள் எதிரிகள் என்று ஆனது. விதைத்த நிலத்தையும் நடக்க முடியாத அம்மாவையும் விட்டுப் போகாதவர் எப்படிப் போராளி ஆவார்? போதாததற்கு ஆதிவாசி இளைஞர்களையே சிறப்புப் போலீஸ் அதிகாரிகள் என்று சொல்லித் துப்பாக்கி கொடுத்து முன்னால் அனுப்பினார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அந்தப் பையன்களும் யாரோ ஒருவருடைய தம்பிகள்தான், செந்தில்.

எச்சரித்த பிறகும் உள்ளே இருப்பவர்களுக்கு அரசே பொறுப்பு, அவர்கள் அதன் குடிமக்கள் என்பதால் இன்னும் கூடுதலாகப் பொறுப்பு.

தம்பி விடுமுறையில் வந்தால் அழைத்து வாருங்கள். ஒரு கிராமத்துக்குள் நுழையும் முன் அவருக்கு என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்று அவர் வாயால் கேட்க வேண்டும்.