கார் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்), அதுக்கு பவர் குடுக்கிற ஆம்ப் எல்லாம் குளிர்காலம் முழுக்க வண்டியிலயே கிடக்கலாமா, கழட்டி வைக்கணுமா?

கனடாவுல கால்கரியில இருக்கிறதா எழுதியிருக்கீங்க, நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் கார ஷெட்ல போட்டு வைக்கப்போறீங்க, உள்ள இருக்கிற சப்பும் ஆம்பும் மைனஸ் முப்பதுல கெட்டுப்போயிருமோன்னு பயம். உங்களுக்கு ஏற்கனவே பதில் சொன்ன எல்லாரும் "கழட்டி வீட்டுக்குள்ள கொண்டு போயிருங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்காங்க. அதப் பாத்துட்டுத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு இத டைப் பண்ணிட்டு இருக்கேன், ஏன்னா அந்த ஒரு வரிய நம்பி நல்ல ஆம்ப் ஒண்ணு செத்தத நான் கண்ணால பாத்திருக்கேன். சாமான கெடுக்கிறது குளிர் இல்ல, வெள்ளம். (எங்க ஊர்ப் பக்கம் தண்ணிய வெள்ளம்னுதான் சொல்லுவோம்.)

எனக்கு சொந்த ஊரு கன்னியாகுமரி மாவட்டம், தக்கலை பக்கம். நான் எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர் எல்லாம் கிடையாது, ஐடிஐ எலக்ட்ரீசியன், சவுண்டு கிறுக்கு, அவ்வளவுதான். கன்னியாகுமரிக்காரனுக்கு பனியப் பத்தி என்ன தெரியும்னு கேக்க ஆள் வரும்னு தெரியும், அதனால இப்பவே சொல்லிருதேன், அதே கனடாவுல எட்மண்டன்ல மூணு வின்டர் இருந்துட்டு வந்தவன். ஆனா பாடம் படிச்சது எட்மண்டன்ல இல்ல, வீட்டுலதான்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடிச்ச நாள். வீட்டுக்கு வெளிய நின்ன கார் மேல அயனி மரத்துக் கொம்பு முறிஞ்சு விழுந்து பின் கண்ணாடி நொறுங்கிருச்சு. டிக்கியில பன்னிரண்டு இன்ச் சப், எம்டிஎஃப் (மர நார அமுக்கிச் செஞ்ச பலகை) பெட்டி, நாலு சானல் ஆம்ப், எல்லாம் ரெண்டு வருஷம் சீட்டு கட்டி வாங்கினது. கொட்டுற மழையில நானும் அப்பாவும் பெட்டியத் தூக்கி வீட்டுக்குள்ள கொண்டு வந்து, துணியால தொடச்சு, கட்டியான பாலித்தீன் ஷீட்ட ரெண்டு சுத்து சுத்தி, காத்தே புகாத மாதிரி டேப் ஒட்டி பின் ரூம்ல வச்சோம். பத்திரமா வச்சாச்சுன்னு அப்ப ஒரு நிம்மதி. கடலுக்குப் போன எத்தனையோ பேரு திரும்பி வரல, ஊரெல்லாம் வாழையும் ரப்பரும் சாஞ்சு கிடக்கு, அந்த நேரத்துல உனக்கு சவுண்டு பாக்ஸ்தான் பெருசான்னு யாரும் கேக்க வேண்டாம், அந்த நினைப்பு எனக்கும் இருந்துச்சு, அதனாலதான் ஜனவரி வரைக்கும் அந்த ரூம் பக்கமே போகல.

பொங்கலுக்கு முன்னால பிரிச்சுப் பாத்தா ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தா வெள்ளம். பெட்டி ஓரமெல்லாம் ஊறி ரஸ்க்கு மாதிரி உப்பியிருக்கு, ஸ்பீக்கர் நடுவுல அதிர்ற பேப்பர் கோன்ல பூசணம், ஆம்ப் டெர்மினல்ல பச்சைப் பச்சையா களிம்பு. எங்க வீடு கடல்ல இருந்து ரொம்ப தூரம் இல்ல, அந்தக் காத்துல உப்பு உண்டு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போனா உப்பு தானா ஈரத்த இழுத்துக் கரைய ஆரம்பிச்சிரும், எங்க ஊர்ல மழை மாசத்துல அதுக்கு மேல போறது சாதாரணம். நாங்க பண்ணினது என்னன்னா, ஈரத்தையும் உப்பையும் உள்ள வச்சு சீல் பண்ணினதுதான். கனெக்ஷன் குடுத்துப் பாத்தேன், கோளாறுன்னா எரியுற ப்ரொடெக்ட் லைட் செவப்பா எரிஞ்சுது, பொறவு ஒரு வாடை, அத்தோட முடிஞ்சுது. அம்ம ஒண்ணும் சொல்லல, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

எட்மண்டன்ல என் ரூம்மேட் மதுரைக்காரரு, எனக்கு மூத்தவரு, அண்ணன்னுதான் கூப்பிடுவேன். மைனஸ் 28ல வாரக்கணக்கா டிக்கியில கிடந்த ஆம்ப கழட்டி நேரா கிச்சன் டேபிள்ல வச்சு டெஸ்ட் பண்ணப் போனாரு. அண்ணே நாளைக்குப் பாப்போம், இப்ப கரண்ட் குடுக்காதீங்கன்னு சொன்னேன், "கன்னியாகுமரிக்காரன் குளிர் பத்தி பாடம் எடுக்கான்டா"ன்னு சிரிச்சாரு. ஹீட்டர் ஓடுற வீட்டுக்குள்ள 21 டிகிரி, ஈரப்பதம் வெறும் 30 சதவீதம்தான்னு வச்சாலும், 3 டிகிரிக்குக் கீழ இருக்கிற எந்த இரும்பு மேலயும் வெள்ளம் கட்டும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி அந்த ஆம்ப் வேர்க்குது, மேல வேர்த்தா உள்ள போர்டும் வேர்க்கும்தானே. சுவிட்ச் போட்டாரு, போச்சு. ஆறு வாரம் குளிர்ல கிடந்து ஒண்ணும் ஆகாத ஆம்ப் ஆறு நிமிஷத்துல போச்சு. இன்னைக்கும் அவரு "குளிர்ல போச்சு"ன்னுதான் சொல்லிட்டு இருக்காரு.

சம்பந்தம் இல்லாத விஷயம்தான், ஆனா சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது. அங்க தமிழ் ஆளுங்க கூடுற இடத்துல எல்லாம் நான் வாயத் தொறந்ததும் "நீங்க மலையாளியா?"ன்னு கேப்பாங்க. சென்னையில வேலை பாத்தப்பவும் இதே கேள்வி. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, இந்த நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு 1956 நவம்பர் 1ல தமிழ்நாட்டோட சேர்றதுக்கு மார்ஷல் நேசமணி தலைமையில எங்க ஆளுங்க எத்தனை வருஷம் போராடினாங்க, 1954ல துப்பாக்கிச் சூட்டுல உயிரையே குடுத்திருக்காங்க. வெள்ளம்னு சொன்னா நான் தமிழன் இல்லாம ஆயிருவேனா?

சரி, உங்க கதைக்கு வாறேன். ஷெட்ல ஹீட்டர் இல்ல, திருட்டு பயமும் இல்லன்னா எதையும் கழட்டாதீங்க, டோர் ஸ்பீக்கர் பக்கம் போகவே போகாதீங்க. பேட்டரிய முழுசா சார்ஜ் பண்ணி, 12.6 வோல்ட் காட்டுதான்னு பாத்து, நெகட்டிவ கழட்டி விடுங்க. முழு சார்ஜ்ல இருக்கிற சாதா பேட்டரி மைனஸ் 50லயும் உறையாது, ஆனா காலியான பேட்டரி மைனஸ் 10 பக்கத்துலயே உறைஞ்சு டப்பாவே பிளந்திரும். ஆம்புக்குன்னு தனியா லித்தியம் பேட்டரி வச்சிருந்தா அத மட்டும் வீட்டுக்குக் கொண்டு போங்க, பூஜ்ஜியத்துக்குக் கீழ அத சார்ஜ் பண்ணவே கூடாது. ஹீட்டர் வச்ச ஷெட்ல பனியோட கார கொண்டு வந்து நிறுத்துறதுதான் மோசம், பனி உருகி அந்த ரூமே எங்க ஊரு ஐப்பசி மாசம் மாதிரி ஆயிரும்.

கழட்டியே ஆகணும்னா ஷெட்ல வச்சே கவர்ல போடுங்க. உள்ள இருக்கிற காத்த அமுக்கி வெளிய தள்ளி, இறுக்கிக் கட்டி, அப்புறம் வீட்டுக்குள்ள கொண்டு போங்க. எனக்கு எமனா வந்த அதே பாலித்தீன்தான், ஆனா மைனஸ் 25 காத்துல ஈரம்னு சொல்ல ஒண்ணுமே இருக்காது, அதனால வெள்ளம் கவருக்கு வெளியதான் கட்டும். மறுநாள் வரைக்கும் தொடாதீங்க. பொறவு பிரிச்சு, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்ட அட்டைப் பெட்டியில வைங்க, பேஸ்மென்ட்ல வச்சா சிமெண்ட் தரையில வைக்காம பலகை மேல வைங்க. ஆம்புக்கு கரண்ட் சேத்து வைக்கிற ஒரு ஃபாரட் கெபாசிட்டர் இருந்தா கழட்டுறதுக்கு முன்னால 12 வோல்ட் பல்ப ரெண்டு முனையிலயும் தொட்டு அது மங்கி அணையுற வரைக்கும் பிடிங்க, ஸ்பேனர் வச்சு ஷார்ட் பண்ணிராதீங்க.

ஏப்ரல்ல முதல் நாளே வால்யூம் ஏத்தாதீங்க கேட்டியளா. கோன சுத்தி இருக்கிற ரப்பர் விறைச்சுக் கிடக்கும், ஃபோமா இருந்தா கிழிஞ்சே போகலாம். வண்டி உள்ள சூடாகட்டும், அரை மணி நேரம் பைய பாட விடுங்க.